கையை விட்டால் நிற்கிற வண்டி

"கைய வுட்டா வண்டி நின்னுடுமா?"

எந்த வண்டியைக் காட்டினாலும் கன்னியம்மா இதையேதான் கேட்டாள். பவர் டில்லர் வாங்க வருகிறவர்கள் எவ்வளவு ஆழம் உழும், டீசல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார்கள். ஒரகடத்துக் கடையில் வண்டி விற்கும் ரஞ்சனிக்கு இந்தக் கேள்வி புதிது.

புருஷனும் பெண்டாட்டியும் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஜவ்வாது மலைக்கே திரும்புகிறார்களாம். படிப்படியாய் இறங்கும் சரிவு நிலம். சாமை விதைக்க வேண்டும். புருஷன் சுப்பராயன் எதையும் தொடாமல் தள்ளியே நின்றான்.

பெரிய வண்டி சரிவில் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், வேண்டாம் என்று ரஞ்சனியே சொன்னாள். இரண்டு பேர் அடுத்த படிக்குத் தூக்கி வைக்கிற எடையில் சின்னது போதும். மண்ணைக் கவ்வி ஏற இரும்புச் சக்கரம் வேண்டும். டிரெய்லர் வேண்டவே வேண்டாம், இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்.

கன்னியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுபடியும் பிடியிடமே வந்து நின்றாள்.

ரஞ்சனி சின்ன வண்டியைக் கயிற்றை இழுத்துக் கிளப்பி, கடை வாசல் மண்ணில் ஓட்டிக் காட்டினாள். பிடியோடு அழுத்தியிருந்த லீவரை விட்டதும் சக்கரம் நின்றது.

"ஏன்க்கா இதையே கேக்கறீங்க?"

"எனக்கு வலிப்பு வரும்மா. மாத்திரை போட்டுக்கினுதான் இருக்கேன். இருந்தாலும் பயம்."

ரஞ்சனிக்குச் சுருக்கென்றது. திரும்பிச் சுப்பராயனைப் பார்த்தாள். ஆள் வாட்டசாட்டமாகத்தான் இருந்தான்.

"ஏண்ணே, இவங்கள மலையில ஓட்ட வுட்டுட்டு நீங்க இன்னா பண்ணப்போறீங்க? வேடிக்கை பாப்பீங்களா?"

சுப்பராயன் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கன்னியம்மா, நாக்கு வறண்டு போகிறது, எதிர்க்கடையில் டீ வாங்கி வா என்று அவனை அனுப்பிவிட்டாள்.

"பாவம்க்கா நீங்க. இப்படியும் ஒரு மனுஷன்."

அவன் ரோட்டைத் தாண்டும்வரை கன்னியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிப்பு எனக்கில்லம்மா, அவருக்கு. போன பொங்கலுக்கப்புறம் வரவேயில்ல. டாக்டர்கூட, கைய வுட்டா நிக்கற வண்டின்னா ஓட்டட்டும், பக்கத்துல ஆள் இருக்கணும்னாரு. நான் இருப்பேன். ஆனா கம்பெனில தெரிஞ்ச அன்னிக்கே மிஷின் லைன்லேருந்து எடுத்துட்டாங்க. அப்புறம் ஒருத்தரும் அவர் கையில ஒரு ஸ்பேனர்கூடக் குடுக்கல."

"அதுக்கு, உங்களுக்குன்னு ஏன்க்கா சொன்னீங்க?"

"எனக்குன்னு சொன்னா பாவம்ன்ற. அவருக்குன்னு சொல்லியிருந்தா, வண்டியத் தொட வுட்டிருப்பியா?"



டீ கிளாஸ்களோடு சுப்பராயன் தயங்கித் தயங்கி வந்தான். ரஞ்சனி அவற்றை வாங்கி ஓரமாக வைத்தாள். வண்டியின் பிடியை அவன் பக்கம் திருப்பினாள்.

"வாங்கண்ணே. கயித்த இழுத்துக் கிளப்புங்க."