மீதி முப்பத்தொரு பேர்

எங்கள் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய ஐந்து பேரை மாவட்ட மாதிரிப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார்கள். பட்டியலை எழுதி அனுப்பியவள் நான்தான். அவர்கள் போன மறுநாள் அறிவியல் வகுப்பில், பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று கேட்டேன். மீதி முப்பத்தொரு பேரும் காலியாகக் கிடந்த முதல் பெஞ்சையே பார்த்தார்கள்.

"அங்க யாரும் இல்லையே," என்றேன்.

"நாங்கெல்லாம் பொறுக்கிட்டு விட்ட கத்திரிக்கா டீச்சர்," என்றான் அருள்தாஸ். வகுப்பே சிரித்தது. சுகந்தி மட்டும் குனிந்து பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அருகில் போய்ப் பார்த்தேன். சரியான விடை.

"எழுந்து சொல்லும்மா."

"தப்பா இருக்கும் டீச்சர்."

"சரியாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியும்னா என்னையும் எடுத்திருப்பாங்கல்ல," என்றாள். பிறகு ரப்பரை எடுத்து, தாள் கிழியாமல், ஒவ்வொரு எழுத்தாக அழிக்கத் தொடங்கினாள்.