நிழல் பெஞ்ச்

விசில் அடித்தது. நீச்சல் குளத்தில் பன்னிரண்டு பிள்ளைகள். வெளியே வரச் சொன்னது என் மகளை மட்டும்.

"போய் நிழல் பெஞ்ச்ல உட்காரு. நான் சொல்ற வரைக்கும் இறங்கக் கூடாது."

மூன்று வாரமாக இதே கூத்து. தூரத்தில் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு, தூணுக்குப் பின்னால் இருந்த அந்த பெஞ்ச் தெரியவில்லை; மகள் போவது மட்டும் தெரிந்தது.

மகளுக்கு எட்டு வயது. தோளிலும் கழுத்திலும் இரண்டு வருஷமாக வெள்ளைத் திட்டுகள். ஒட்டுகிற நோய் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். வகுப்பில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள் ஒரு பெண். தெரிந்தவர் வீட்டில் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்த புண்ணியவதியும் உண்டு.

இப்போது இந்த கோச். பிள்ளைகள் வைத்த பெயர் விசிலக்கா. அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"தண்ணியில பரவிடும்னு பயப்படுறாங்க போல," என்றாள் பக்கத்து இருக்கைக்காரி, ஆறுதல் சொல்கிற மாதிரி. "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க."

போதாதா எனக்கு? நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

"சார், வெள்ளை இருக்குன்னு எம் பொண்ணைத் தனியா ஒதுக்கி வைக்கிறாங்க. இதைக் கேக்க ஆளில்லையா இங்க?"

மேனேஜர் முகம் மாறியது. "அது மட்டும் நிஜம்னா, அவங்களுக்கு இன்னியோட இங்க வேலை இல்லைம்மா."

கோச் வந்து நின்றாள். சட்டையெல்லாம் ஈரம்.

"அந்தப் பொண்ணை மட்டும் வெளிய உட்கார வைக்கிறீங்களா?"

"ஆமா சார்."

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. மழுப்புவாள், பிடிபிடியென்று பிடிக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"ஏன்?"

"சொல்ல முடியாது சார். ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"யாருக்கு? மத்த பேரண்ட்ஸ் யாராவது சொன்னாங்களா?"

கோச் ஈரச் சட்டையின் நுனியைப் பிழிந்தாள். நான் விடுவேனா?

"இவங்க குணம் முதல் நாளே தெரிஞ்சு போச்சு சார். மதிய பேட்ச் வேண்டாம், சாயங்காலம் கூட்டிட்டு வாங்கன்னாங்க. இருட்டுற நேரத்துக்குத் தள்ளிவிடத்தானே? நான் மசியல. நல்லா வெயில் பட்டா வெள்ளை மறைஞ்சிடும்னு நாலு பேர் சொல்லித்தான் மதியத்துல சேர்த்தேன். அதுக்கப்புறம் சன்ஸ்கிரீன் தடவி அனுப்புங்கன்னாங்க. எங்க நிறத்துக்கு அது எதுக்கு சார்? வெள்ளையை மூடி மறைக்கத்தானே?"

"மறைக்க இல்ல மேடம்..." என்று ஆரம்பித்த கோச், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு மேனேஜரைப் பார்த்தாள். "நான் கிளம்பறேன் சார். எனக்குப் பதிலா வர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. அந்தப் பொண்ணை ரொம்ப நேரம் வெயில்ல விடக் கூடாது."

"பார்த்தீங்களா சார்! போகும்போதும் திமிரைப் பாருங்க!"

கதவு திறந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு என் மகள்.

"விசிலக்காவை அனுப்பாதீங்க அங்கிள்."

"நீ வெளிய போ. பெரியவங்க பேசிட்டிருக்கோம்."

"நான்தாம்மா என்னைக் கூப்பிடச் சொன்னேன்."

துண்டை இறக்கினாள். தோளில் இருந்த திட்டுகள் வெள்ளையாக இல்லை. செக்கச்செவேலென்று சிவந்து, ஓரங்களில் தோல் உரிந்திருந்தது. மூன்று வாரமாக நானே குளிச்சுக்கறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டவள். வெட்கம் வந்துவிட்டது என்று நான் சிரித்திருக்கிறேன்!

"ஐயோ, இது எப்படிடா?"

"ஞாயித்துக்கிழமையானா மொட்டை மாடியில உட்கார வெக்கிறியே, அப்போ. ரொம்ப எரியும். இங்க அக்காதான் பெஞ்ச்ல வெச்சு கிரீம் தடவி விடுவாங்க. தண்ணியில போயிடும்னு திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்க."

கோச் தலையைக் குனிந்துகொண்டு பேசினாள். "நிறமே இல்லாத இடம் மேடம். மத்த இடத்தைவிட சீக்கிரம் வெந்துடும். வெயில் வைத்தியம்னா அதை டாக்டர்தான் அளந்து குடுக்கணும். உங்ககிட்ட சொல்லிடறேன்னுதான் சொன்னேன். சொல்லாதீங்கன்னு அழுதுட்டா. மனசு கேக்கல. சொல்லாம விட்டது என் தப்புதான்."

"ஏம்மா, அம்மாகிட்ட ஏன் சொல்லல?" மேனேஜர் மெதுவாகக் கேட்டார்.

"சொன்னா அம்மா கிளாஸை நிறுத்திடுவாங்க. அப்புறம் தினமும் மாடிதான். இங்கேன்னா நிழல் இருக்கு."

கோச் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் மகள் முன்னால் மண்டியிட்டேன்.

"எல்லாம் உனக்காகத்தானேடா செல்லம்? இந்த வெள்ளை போயிட்டா யாரும் உன்னை ஒதுக்க மாட்டாங்கன்னுதானே அம்மா..."

"யாரும்மா ஒதுக்கறாங்க? பக்கத்துல உட்கார மாட்டேன்னவ இப்ப என் ஃப்ரெண்டு. இங்க எல்லாரும் என் கையைப் பிடிச்சுட்டுத்தான் குதிக்கறாங்க." ஈரக் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"உனக்கு மட்டும்தாம்மா இன்னும் இது பிடிக்கல."