இரண்டாம் வரிசைக் கைதட்டல்

பிள்ளையார்பாளையத்தில் வக்கீல் எஸ்தரின் மாடி அறையில், மதிய வெயில் லேப்டாப் மேல் விழுகிறது. திரை தெரிவதற்காக அவள் ஜன்னலை ஒருக்களித்துச் சாத்துகிறாள். கீழ்வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. "இரும்பு ஆலைக்கு ரெண்டாவது புகைபோக்கி வைக்க பர்மிஷன் குடுத்தத எதுத்து நீங்க கேஸ் போட்டா, அவங்க மொதல்ல இந்த வீடியோவத்தான் காட்டுவாங்கய்யா," என்கிறாள். ஐயம்பேட்டை துரைக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிகிறார். ஆறு வருடத்துக்கு முன், அந்த ஆலை வருவதற்காகக் கல்யாண மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனிக்காரர்கள் போர்த்திய பொன்னாடை தோளில் பளபளக்க, மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தபடி அவரே நிற்கிறார். "அடுப்பு எரிஞ்சா புகை வராதாபா? அதுக்குப் பயந்தா சோறாக்க முடியுமா? பசங்களுக்கு வேல வேணும், ஆலை வரட்டும்!" மண்டபம் ஓவென்று சிரிக்கிறது. இரண்டாம் வரிசையில் அவர் மனைவி ரேணுகாம்பாள், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிட்டு, எல்லோரும் நிறுத்திய பிறகும் கைதட்டிக்கொண்டிருக்கிறாள். ஆலை வந்தபின் அதே முந்தானையால் வாயைப் பொத்தி மூன்று வருடம் இருமினாள். போன தை மாதம் அந்த இருமலோடு போய்ச் சேர்ந்தாள். வீடியோ முடிந்து திரை கறுக்கிறது. "ஜட்ஜ் கேட்டா இன்னாய்யா சொல்லுவீங்க?" என்கிறாள் எஸ்தர். துரைக்கண்ணு கறுத்த திரையையே பார்க்கிறார். "இன்னொரு வாட்டி போடும்மா." "நீங்க பேசுனதையா?" "அத வுடும்மா," என்கிறார். "அவ கை தட்டிக்கினு இருந்தாளே, அங்கருந்து."