மௌன முகாமில் ஆள்காட்டி

ஆள்காட்டிக் குருவி ஓயாமல் கத்துகிறது என்று காடே சலித்துக்கொண்டது. அதனால் அது ஆமையார் நடத்திய பத்து நாள் மௌன முகாமில் போய்ச் சேர்ந்தது. வாயைத் திறக்கக் கூடாது, கண்ணையும் திறக்கக் கூடாது என்பது அங்கே விதி.

முதல் இரண்டு நாளும் தொண்டை அரித்தது, கால் மரத்துப்போனது. மூன்றாம் நாள் தன் மூச்சு தனக்கே கேட்டபோது, இப்படியும் ஒரு சுகமா என்று ஆள்காட்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது புல் சரசரத்தது. ஆள்காட்டி கண்ணைத் திறந்து பார்த்தது. கண்மூடி உட்கார்ந்திருந்த முயலுக்குப் பின்னால் ஒரு காட்டுப்பூனை பதுங்கி வந்துகொண்டிருந்தது.

ஆள்காட்டி தொண்டை கிழியக் கத்தியது. முயல் துள்ளி ஓடிப் புதரில் மறைந்தது. பூனை வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

ஆமையார் ஓட்டுக்குள்ளிருந்து மெல்லத் தலையை நீட்டினார். "விதியை மீறிவிட்டாய். எல்லோரிடமும் மன்னிப்புக் கேள்."

"கேட்க மாட்டேன் ஐயா," என்றது ஆள்காட்டி. "பூனை வந்தது உங்களுக்கும் கேட்டது. அதனால்தானே தலையை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள்? முயலுக்கு ஏது ஓடு?"

ஆமையார் தலையை மறுபடியும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

ஆள்காட்டி முகாமை விட்டுப் போகவில்லை. அதே இடத்தில் மறுபடியும் அமைதியாக உட்கார்ந்தது, கண்களை அகலத் திறந்துகொண்டு.