சமக்குறிக்கு அந்தப் பக்கம்

ஒரு கரும்பலகையில் எக்ஸும் மூன்றும் ஒரு கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டு ஒட்டிக் குடியிருந்தன. சமக்குறிக்கு அந்தப் பக்கம் ஏழு தனியே இருந்தது.

“நான் யாருண்ணே?” என்று எக்ஸ் ஓயாமல் கேட்கும்.

“நான் பக்கத்துல இருக்கிற வரைக்கும் உனக்கு அது தெரியாது தம்பி. அந்தப் பக்கம் போறேன்,” என்றது மூன்று.

“போனா என்ன ஆகும்?”

“குறி மாறிடும். கூட்டிக்கிட்டிருந்தவன் கழிக்கிறவனா ஆயிடுவேன்.”

எக்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளும் ஆசையில், “சரி, போ,” என்றது.

மூன்று கழித்தல் குறியோடு சமக்குறியைத் தாண்டி, ஏழின்மேல் போய் விழுந்தது. இரண்டுமே காணாமல் போய், அங்கே நான்கு மட்டும் நின்றது.

“நீதான் அந்த நான்கு,” என்றது சமக்குறி.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எக்ஸ் விழித்தது.

பிறகு விடையைச் சரிபார்க்கும் நேரம் வந்தது. பழைய வரியை மறுபடி எழுதினார்கள். எக்ஸ் இப்போது நான்காக உட்கார்ந்திருந்தது. மூன்றும் தன் பழைய இடத்துக்குத் திரும்பியது.

“இங்க எக்ஸுன்னு ஒரு பையன் இருந்தானே, பார்த்தீங்களா?”

“நான்தாண்ணே அது!”

மூன்று அதை ஏற இறங்கப் பார்த்தது.

“இல்லீங்க. அவனுக்குத் தான் யாருன்னே தெரியாது.”