சாண் நீள சங்கரா

தேசம்மா கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டாள்.

ஊரூர் குப்பத்து மணலில், வலைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த அப்துல் கஃபார் எழுந்து ஓடிவந்தான்.

"எடு கையை! நான் அளக்கறதுக்கு முன்னாடி கூடையைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

கூடைக்குள் சாண் நீள மீன் ஒன்றை வைத்துக்கொண்டிருந்த தேசம்மா திருதிருவென்று விழித்தாள். அவள் காலடியில் இன்னொரு கூடை, ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. கஃபார் சாக்கை இழுத்தான். உள்ளே அத்தனையும் விரல் நீளப் பொடி சங்கரா மீன்.

சாக்கை மணலில் வீசினான்.

கஃபார் மீன் இலாகா உத்தியோகஸ்தன். உலக யுத்தம் முடிந்ததிலிருந்து காலை தவறாமல் சைக்கிளில் வந்து, தேசம்மாவின் புருஷன் சுப்பராயன் பிடித்த மீனை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்கிறவன். வலைகள் பெருகப் பெருக, மீன் வளர நேரமில்லாமல் சிறுத்துக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டு, கட்டம் போட்ட தாளில் கோடு வரைந்திருந்தான். மீன் முட்டையிடும் இரண்டு மாசம் ஆற்று முகத்துவாரத்தில் வலையே போடக்கூடாது என்பது அவன் சிபாரிசு.

இரண்டு வருஷம் கோடு அவன் சொன்னபடியே இறங்கியது. இந்த மூன்று மாசமாகத்தான் மீன் திடீரென்று சாண் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது! நேற்று மேலதிகாரி தாளை மேஜைமேல் விட்டெறிந்தார்.

"மீன் சிறுத்துப் போச்சுங்கறீர், இங்க பெருத்துன்னா இருக்கு! உம்ம கணக்கைக் கொண்டுபோய்க் கடல்லயே போடும்."

இப்போது புரிந்துவிட்டது.

"பொடி மீனை ஒளிச்சுவெச்சுட்டு, பெரிசை மட்டும் எனக்குக் காட்டினியா? வலை போடத் தடை வந்துடும்னு பயம், அதானே?"

"தடையா? இன்னா தடை?" என்றாள் தேசம்மா.

கஃபார் சொன்னான். முகத்துவாரம், முட்டை, இரண்டு மாசம், எல்லாம்.

"இம்மாந்தானா? அந்தப் பக்கம் போவாதேன்னா போவல. இத்த எங்கிட்ட சொல்றத வுட்டுட்டு ஆபீசுல போயி சொல்லிக்கினு கீறியே!"

கஃபாருக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷத்தில் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

"அப்போ பெரிய மீன் ஏது?"

"வூட்டுக்கு ஒண்ணு. குப்பம் பூரா எரவல் குடுக்குது. நீ அளந்துட்டுப் போனப்புறம் அவங்கவங்க எடுத்துக்கினு பூடுவாங்க. இதுல இருக்கிற பெருசு பக்கத்து வூட்டு அந்தோணியம்மாளோடது."

"ஏன்? எதுக்கு இந்த வேலை?"

தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொடி மீன அளக்கறப்பல்லாம் உம் மூஞ்சி சுண்டிப்பூடுது நைனா. டீத்தண்ணி குடுத்தாகூட வாணாம்னுட்டுப் போயிடறே. பெத்த புள்ள மாதிரி தெனம் வர்றே, பாக்க சகிக்கல. அதான்…"

கஃபார் மணலில் உட்கார்ந்து பொடி மீன் கூடையை இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு மீனையும் அளந்தான். ஒவ்வொன்றுக்கும் தேசம்மாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டான்.