வைக்கோல் அபராதம்

ஒரு சோளக்கொல்லைக்கு எருமை ஒன்று முதலாளி. காக்கைகளை விரட்ட அது ஒரு வைக்கோல் பொம்மையை வேலைக்கு வைத்திருந்தது. பொம்மையும் வெயில் பனி பாராமல் கையை விரித்துக்கொண்டு நின்றது.

ஒரு நாள் பேய்க்காற்றில் பொம்மை குப்புற விழுந்துவிட்டது. மறுநாள்தான் தட்டுத் தடுமாறி எழுந்தது. எழுந்தால் எதிரே எருமை.

“நேத்து ஏன் வேலையில நிக்கலை?”

“காத்துல விழுந்துட்டேனுங்க ஐயா.”

“விழப்போறேன்னு முந்தின நாளே சொல்லியிருக்கணும். சொல்லாம கொள்ளாம விழுந்தா அபராதம்தான்.”

“காத்தும் என்கிட்ட சொல்லிட்டு வரலீங்களே!”

“அது உனக்கும் காத்துக்கும் உள்ள விவகாரம்” என்ற எருமை, பொம்மையின் வயிற்றிலிருந்து ஒரு வாய் வைக்கோலை உருவி மென்றது.

வயிறு இளைத்த பொம்மையை அடுத்த வாரம் சாதாரணக் காற்றே சாய்த்துவிட்டது. அதற்கு இரண்டு வாய் அபராதம். அப்புறம் காக்கை இறக்கையை உதறினாலே பொம்மை விழுந்தது. எருமைக்கும் வேளை தவறாமல் அபராதம் கிடைத்தது.

கடைசியில் ஒரு குச்சியும் கிழிந்த சட்டையும்தான் மிச்சம். அந்தக் குச்சிமேலேயே உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்த காக்கை கேட்டது: “ஏனுங்க முதலாளி, காவலுக்கு ஆளைக் காணோமே?”

எருமை அசைபோட்டபடியே பெருமூச்சு விட்டது.

“இந்தக் காலத்துல ஒழுங்கா நின்னு வேலை பாக்குறவன் எவன் இருக்கான்? கண்டிச்சுக் கண்டிச்சு எனக்குத் தாடைதான் வலிக்குது.”